படத்தில் விழாத தள்ளாட்டம்

கொப்புளிப்பான் அம்மை காய்ந்து, தலைக்குத் தண்ணீர் வார்த்து, உடம்பிலிருந்து வேப்பிலை மணம் போவதற்கு முன்பே சிமியோன் கோவிலுக்குப் போனது ஒரு தவறு. பூசை முடிந்து படியிறங்கும்போது சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கத் தள்ளாடியது அதைவிடப் பெரிய தவறு. தள்ளாடுவதற்குக் குருநகரில் எத்தனையோ வசதியான இடங்கள் இருந்தன. கடற்கரை இருந்தது, ஒழுங்கை இருந்தது, சொந்த வீட்டின் பின்பக்கக் கோடியும் இருந்தது. "அதெல்லாத்தையும் விட்டிட்டு அந்தோனியாருக்கு முன்னாலையோ?" என்று அவருடைய மனைவி பெர்னடெட் பிறகு பல நாள் கேட்டாள்.

அந்தோனியாருக்கு முன்னால் ஏன் தள்ளாடக்கூடாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடற்கரையோரத்து அந்தச் சின்னக் கோவிலில், ஆனி மாதத் திருநாளன்று, அந்தோனியாரின் சுரூபத்தைச் சோடித்த மரக் கூட்டில் ஏற்றி, நான்கு பேர் தோளில் காவிக்கொண்டு தெருவும் ஒழுங்கையுமாகச் சுற்றி வருவார்கள். காவுகிற நான்கு பேரும் கள்ளும் சாராயமும் தொடுவதில்லை என்று கூட்டின் தடியில் கை வைத்துச் சத்தியம் செய்தவர்களாக இருக்க வேண்டும். சத்தியம் தவறியவன் தன் தோளை இன்னொருவனுக்கு விட்டுவிட வேண்டும். இதில் பங்குச் சுவாமியார்கூடத் தலையிடுவதில்லை. கோவில் மூப்பர் சொல்வதுதான் முடிவு.

முன்பக்கத்து வலது தடியைக் காவும் முன்வலத் தோள் சிமியோனுடையது. அவர் ஒரு காலத்தில், கள்ளுத் தவறணை திறக்கிறவனுக்கு முன்னரே தவறணை வாசலில் நின்ற ஆள். ஏழு வருடத்துக்கு முன் ஒரு நாள் பெர்னடெட் உடுப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு, மயிலிட்டியில் இருந்த தம்பி கனிசியஸ் வீட்டுக்கென்று பஸ் நிலையம் வரை போய்விட்டாள். பின்னால் ஓடிவந்த சிமியோன் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யப் பார்த்தார். அவள் கையைத் தட்டிவிட்டாள். "என்ரை தலையிலை அடிச்ச சத்தியம் கனக்கப் பாத்திட்டன். அந்தோனியாரிட்டைச் செய்யுங்கோ. அவருக்குத்தான் ஊரிலை மரியாதை." அன்றைக்குத் தொடங்கியதுதான் முன்வலத் தோள். தோள் இருக்கும்வரை குடி இல்லை. அந்தத் தோள் போனால் பழைய சிமியோன் திரும்பி வந்துவிடுவார் என்பதுதான் பெர்னடெட்டின் ஒரே பயம்.

இனிப் படிக்கட்டுக்கு வருவோம். இரண்டு கால்களையும் அகல வைத்து, முன்னால் கடல் அலை அடிப்பதுபோல ஒருதரம் இந்தப் பக்கமும் ஒருதரம் அந்தப் பக்கமும் சாய்ந்து இறங்கிய சிமியோன், கடைசிப் படியில் மூப்பர் யாகோப்புவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஒ...ண்டு...மில்லை மூப்பர்," என்றார். நாக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் வழி விசாரித்துக்கொண்டு போனது.

மூப்பர் மூக்கை அருகே கொண்டுபோனார். "கள்ளு மணக்கேல்லை," என்றார். பிறகு யோசித்து, "இலை மணக்குது," என்றார்.

அங்கேதான் எல்லாம் பிழையாய்ப் போனது. சிமியோன் பழைய நாட்களில் தவறணையால் வரும்போது கொய்யா இலையைச் சப்பிக்கொண்டு வருவார் என்பது ஊருக்கே தெரியும். மூப்பர் யாகோப்புவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். சத்தியத்துக்கு முந்தின காலத்தில் இருவரும் ஒரே மரத்தில்தான் இலை பிடுங்கியவர்கள்.

"இது வேப்பிலை மூப்பரண்ணை! கொப்புளிப்பான் வருத்தத்துக்குப் பூசினது!" என்றாள் பெர்னடெட்.

"நான் இலை எண்டுதான் சொன்னனான் பிள்ளை. என்ன இலை எண்டு அந்தோனியாருக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்ததும் பெர்னடெட் கணவனின் வாயைத் தானும் ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. சிமியோன் கண்ணை மூடிக்கொண்டு, "மணந்து முடிஞ்சால் சொல்லு. எனக்குத் தலை சுத்துது," என்றார். சொல்லி வாய் மூடும் முன் வாந்தி எடுத்தார். மறுநாள் காலையிலும் தலையிடியோடு எடுத்தார். அதற்கு மேல் அவள் காத்திருக்கவில்லை. ஒரு ஓட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டொக்டர் பராசக்தி வயதில் சிறியவர். ஆறுதலாகப் பேசுகிறவர், ஒன்றை விளங்கப்படுத்தத் தொடங்கினால் வரிசையில் நிற்கும் அடுத்த நோயாளியை மறந்துவிடுகிறவர். அவர் சிமியோனைத் தன் மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு டொக்டரின் விரலைத் தொடச் சொன்னார். சிமியோனின் விரல் நேராகத்தான் புறப்பட்டது. மூக்கை நெருங்க நெருங்க நடுக்கம் கூடி, கடைசியில் கன்னத்தில் போய் இறங்கியது.

"மூக்கு எங்கை இருக்கெண்டு எனக்குத் தெரியும் டொக்டர்," என்றார் சிமியோன் பரிதாபமாக. "கைக்குத்தான் தெரியேல்லை."

"சரியாச் சொன்னியள்," என்றார் டொக்டர் சந்தோஷமாக. "குடிக்கிறனீங்களோ?"

சிமியோன் பெர்னடெட்டைப் பார்த்தார். பெர்னடெட் சுவரைப் பார்த்தாள்.

டொக்டர் விளங்கப்படுத்தினார். தலையின் பின்பக்கம், பிடரிக்குச் சற்று மேலே, பெரிய மூளைக்குக் கீழே சிறுமூளை என்று ஒன்று ஒதுங்கி இருக்கிறது. 'நட' என்று பெரிய மூளை கட்டளை போடும். எந்தக் காலை எவ்வளவு தூக்குவது, எப்போது நிறுத்துவது என்ற சில்லறை வேலையெல்லாம் சிறுமூளையின் பொறுப்பு. கொப்புளிப்பான் வந்துபோன பிறகு சிலருக்கு அது கொஞ்ச நாள் குழம்பிப்போகும். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக வரும். பெரியவர்களுக்கு வந்தால் ஊர் வேறு மாதிரிக் கதைக்கும். சாராயமும் அதே சிறுமூளையைத்தான் பிடிக்கிறது, அதனால் பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

"ஆனால் தலையிடியும் சத்தி எடுக்கிறதும் சேர்ந்திருக்கு. வேறை ஏதும் இருக்கோ எண்டு ஒருக்கால் பாக்கவேணும். கொழும்பிலை தலையைப் படம் பிடிக்கிற மெசின் ஒண்டு இருக்கு. ஸ்கான் எண்டு சொல்லுவினம். எழுதித் தாறன்."

"தலையை வெட்டுவினமோ?" என்று கேட்டாள் பெர்னடெட்.

"வெட்டாமலே வெட்டுற மெசின் அம்மா. நீங்கள் அறக்குளா மீன் வெட்டுறதில்லையோ? துண்டு துண்டாய் வெட்டி அடுக்கினால் ஒவ்வொரு துண்டிலையும் முள்ளு எங்கை, சதை எங்கை எண்டு தெரியுமெல்லே? அப்பிடித்தான்."

அந்த இயந்திரம் வேலை செய்கிற விதத்தை மூடிய மீன் பறியை வைத்து விளங்கிக்கொள்ளலாம். பறிக்குள் என்ன மீன் கிடக்கிறதென்று ஒரு பக்க ஓட்டையால் மட்டும் பார்த்தால் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து தெரியும். சாதாரண எக்ஸ்றே அப்படித்தான். பறியைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு ஓட்டையாலும் பார்த்து, பார்த்ததையெல்லாம் மனதில் சேர்த்துப் பார்த்தால் எது முன்னால் கிடக்கிறது, எது பின்னால் கிடக்கிறது என்று பிடிபட்டுவிடும். இயந்திரம் தலையைச் சுற்றிச் சுற்றி எக்ஸ்றே கதிரை விட்டுப் பார்க்கும். கணக்குகளைச் சேர்க்கிற வேலையைக் கம்பியூட்டர் செய்யும்.

பெர்னடெட்டுக்கு மீன் துண்டு உடனே விளங்கிவிட்டது. அது அளவுக்கு மிஞ்சி விளங்கியதுதான் பிறகு வந்த கரைச்சலுக்கெல்லாம் காரணம். மீனில் பழுது இருந்தால் துண்டில் தெரியும். அப்படியானால் வருத்தம் இருந்தால் படத்தில் தெரியத்தானே வேண்டும்? அவள் நேரே மூப்பரிடம் போய்ச் சொன்னாள்: "படம் வரட்டும் மூப்பரண்ணை. வருத்தமோ குடிவெறியோ எண்டு படம் சொல்லும்."

மூப்பருக்கும் இது நியாயமாகப் பட்டது. ஒரு மனிதனுடைய மூளையைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது என்பது அந்தக் கோவிலில் இதுவரை நடந்திராத பெருமை. "படத்திலை வருத்தம் இருந்தால் தோள் சிமியோனுக்கு," என்றார். "இல்லாட்டி வேறை ஆளைப் பாப்பம்."

கனிசியஸ் மயிலிட்டியிலிருந்து வந்து அத்தானைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனான். அது எண்பத்தொன்பதாம் ஆண்டு, சமாதானம் காக்க வந்த படைகள் ஊரை விட்டுப் போகாமல் நின்ற காலம். வழியெல்லாம் இறக்கி ஏற்றிச் சோதனை பார்த்தார்கள். இறங்கி நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் சிமியோன் தள்ளாட, "வெறியோ?" என்று சைகையால் கேட்ட சிப்பாய்களுக்கெல்லாம் கனிசியஸ் தன் உடம்பில் கொப்புளம் கொப்புளமாகத் தொட்டுக் காட்டினான். அதைக் கண்டதும் அவர்கள் பத்தடி விலகி நின்று விரைவாக அனுப்பிவிட்டார்கள். "உந்த வருத்தம் இருந்தால் அடையாள அட்டையே தேவையில்லை அக்கா," என்று அவன் வந்த பிறகு சொன்னான்.

வந்தது ஒரு சனிக்கிழமை பின்னேரம். மூப்பரும் நாலைந்து பேரும் கோவில் வளவில் பந்தலுக்குத் தடி நட்டுக்கொண்டிருந்தார்கள். சிமியோன் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அங்கே வந்தார். முகம் மலர்ந்திருந்தது. கையில் பெரிய மண்ணிறக் கடித உறை. செய்தி கேட்டுப் பெர்னடெட் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

சிமியோன் உறைக்குள்ளிருந்து கறுப்புப் படத்தை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். கை நடுங்கியதால் கனிசியஸ் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டான். வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றும் சிமியோனின் தலையில் ஒரு துண்டு.

"உள்ளுக்கு உண்மையாகவே ஏதோ இருக்குத்தான்," என்றார் மூப்பர் வியப்போடு.

"இஞ்சை பார் அக்கா, இதுதான் கண்," என்று கனிசியஸ் காட்டினான். "இந்த வெள்ளை வளையம் மண்டையோடு. அத்தானுக்கு நல்ல தடிப்பு."

"என்னவாம்? என்ன எழுதியிருக்கு?" என்றாள் பெர்னடெட். அவளுக்கு மூச்சு வாங்கியது.

சிமியோன் நெஞ்சை நிமிர்த்தினார். ஏழு வருடமாக ஊர் தன்னை முன்னாள் குடிகாரன் என்றே பார்த்ததற்கெல்லாம் சேர்த்துப் பதில் சொல்லும் குரலில், "கொழும்புப் பெரிய டொக்டர் சொல்லிப்போட்டார். என்ரை மூளையிலை ஒரு பழுதும் இல்லை! எல்லாம் நோமல்! ஒரு குறை, ஒரு புள்ளி, ஒண்டும் கிடையாது!" என்றார்.

தடி நட்டுக்கொண்டிருந்தவர்கள் மூப்பரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு பழுதும் இல்லை?" என்றார் மூப்பர் மெதுவாக.

"ஒண்டுமில்லை!"

"வருத்தம் ஒண்டும் படத்திலை இல்லை?"

"இல்லவே இல்..." என்று தொடங்கிய சிமியோன் பெர்னடெட்டின் முகத்தைப் பார்த்தார். தான் எந்தக் குழிக்குள் எவ்வளவு பெருமையாக இறங்கி நிற்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. படத்தை மெல்ல இறக்கி உறைக்குள் போட்டார். "கொஞ்சம் இருக்கலாம்," என்றார்.

திங்கட்கிழமை காலை பெர்னடெட் அந்த உறையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டொக்டர் பராசக்தியிடம் தனியே போனாள். டொக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகிப் பார்த்து, "மிக நல்லது!" என்றார்.

"நல்லதோ? டொக்டரம்மா, உந்த நல்லதாலை என்ரை குடும்பம் போகப்போகுது." அவள் தோள் கதை முழுவதையும் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்தது.

டொக்டர் சிரிக்காமல் கேட்டார். கேட்டு முடித்ததும் கதிரையை இழுத்து அவளைப் பக்கத்தில் இருத்தினார். "பிழை என்னிலைதான். மீன் துண்டு எண்டு சொல்லிப்போட்டு மிச்சத்தைச் சொல்லாமல் விட்டிட்டன். நான் இந்தப் படம் எடுக்கச் சொன்னது வருத்தம் தெரியும் எண்டு இல்லை. கட்டி இல்லை, இரத்தம் கசியேல்லை, தண்ணி தேங்கேல்லை எண்டு அறியத்தான். உங்கடை அவருக்கு வந்திருக்கிறது மாதிரி வருத்தத்திலை படம் அநேகமா இப்பிடித்தான் வரும், ஒண்டும் இல்லாமல்."

"வருத்தம் இருந்தும் தெரியாதோ?"

"உங்கடை வீட்டை ஒரு போட்டோ எடுத்தால் கூரை உடைஞ்சிருந்தால் தெரியும், சுவர் வெடிச்சிருந்தால் தெரியும். உள்ளுக்கு நீங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிக்கிறது தெரியுமோ?"

பெர்னடெட் யோசித்தாள். "எங்கடை சண்டை தெரியலாம் டொக்டரம்மா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

டொக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பேனையால் படத்தின் கீழ் வரிசையைத் தொட்டுக் காட்டினார். சிறுமூளை இருக்கிற இடம். அங்கே மட்டும் படம் கோடு கோடாகக் கலங்கியிருந்தது. சுற்றிவர அந்த இடத்தில் எலும்பு தடிப்பு. எக்ஸ்றே கதிரை எலும்பு விழுங்கிவிடும். வெளிநாடுகளில் காந்தத்தால் படம் பிடிக்கிற புது இயந்திரம் வந்திருக்கிறதாம். அதில் சிலருக்குச் சிறுமூளை வெள்ளையாகத் தெரியும், பலருக்கு அதிலும் ஒன்றும் தெரியாது. ஏனென்றால் பல வேளைகளில் கிருமி நேரே மூளையைத் தின்பதில்லை. கிருமியோடு சண்டை பிடிக்க உடம்பே தன் காவல்காரரை அனுப்புகிறது. "சண்டை முடிஞ்ச பிறகும் அவை வீட்டை போகாமல் நிண்டு ஊராக்களுக்குக் கரைச்சல் குடுப்பினம்," என்றவர், சிப்பாய்கள் போய்வரும் தெருப்பக்க யன்னலைப் பார்த்துக் குரலைக் குறைத்தார். "கொஞ்ச நாளிலை போயிடுவினம். நான் உங்கடை அவற்றை தலைக்குள்ளை நிக்கிற ஆக்களைச் சொல்லுறன்."

"அப்ப மூப்பருக்கு நான் எதைக் காட்டுறது?"

"வெறி எண்டால் விடிய முறிஞ்சுபோகும். இது காலமை, மத்தியானம், பின்னேரம் எல்லா நேரமும் ஒரே மாதிரி நிக்கும். மூப்பரைக் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்கப் பக்கத்திலை இருத்துங்கோ. படம் சொல்லாததை ஆள் சொல்லுவார்."

மூப்பர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவருக்கு வசதியான நாள் பந்தல் வேலையெல்லாம் முடிந்து அடுத்த கிழமைதான் கிடைத்தது. அன்று காலை வந்து முற்றத்து வேப்பமரத்தின் கீழ் கதிரை போட்டு அமர்ந்தார். பெர்னடெட் தேத்தண்ணி கொடுத்தாள். கனிசியஸ் வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

"எங்கை, சிமியோன், உப்பிடி ஒருக்கால் படலை மட்டும் போட்டு வா."

சிமியோன் எழுந்து நடந்தார். படலை வரைக்கும் போனார், திரும்பி வந்தார். அவர் கிட்டத்தட்ட நேராக நடந்துவிட்டார். டொக்டர் சொன்ன காவல்காரர் மூப்பர் வருகிற நாளாகப் பார்த்து வீட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

"நல்லா நடக்கிறாய்," என்றார் மூப்பர். அது பாராட்டுப்போலக் கேட்கவில்லை. "அப்ப அண்டைக்கு மட்டும் என்ன நடந்தது?"

சிமியோன் பெர்னடெட்டைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். பிறகு, கடவுளே என்று, ஒரு முடிவுக்கு வந்தார்.

"இப்பதான் மூப்பர் திரும்பக் கொஞ்சம் சுத்துது," என்று சொல்லிக்கொண்டு இரண்டாம் முறை நடந்தார். இந்த முறை தள்ளாடினார். குருநகர்க் கூத்து மேடையில் வெறிகாரன் வேடம் கட்டுகிறவன்கூட அப்படித் தள்ளாடியிருக்க மாட்டான். வலது கால் இடது காலுக்குக் குறுக்கே போனது, இடது கால் வலதைத் தேடிப் பின்னால் வந்தது. தலை தோளில் தொங்கியது. ஒரு கை காற்றில் யாரையோ கும்பிட்டது. பாதி வழியில் அவர் அறியாமலே வாய் ஒரு பழைய மெட்டை முணுமுணுக்கத் தொடங்கியது.

கனிசியஸ் வாயைப் பொத்திக்கொண்டான். பெர்னடெட்டுக்கு முதலில் கோபம் வந்தது. 'பொய்க்காரன், எல்லாத்தையும் கெடுத்துப்போட்டார்' என்று நினைத்தாள். பிறகு அவள் கண் அவருடைய கால்களில் போய் நின்றது.

இந்த நடை அவளுக்குத் தெரியும். பத்து வருடமாக ஒவ்வொரு பின்னேரமும் ஒழுங்கை முடிகிற தொங்கலில் இதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கால் குறுக்கே போகும், தலை தொங்கும், கை கும்பிடும், பாட்டு வரும். ஆனால் கோவில் படியில் அவர் இப்படி நடக்கவில்லை. அன்று கால்கள் அகன்று நின்றன, ஆடுகிற வள்ளத்தில் விழாமல் நிற்கப் பாடுபடுகிறவனின் கால்கள் மாதிரி. முகத்தில் பயம் இருந்தது. பாட்டு இல்லை. டொக்டர் சொல்லி ஒன்றை நம்புவது வேறு, தன் கண்ணால் காண்பது வேறு. அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மூப்பரண்ணை! உது ஆரெண்டு தெரியுதே?"

மூப்பர் ஏற்கெனவே கதிரையின் நுனிக்கு வந்திருந்தார். அவருக்குத் தெரியாதா? எத்தனை பின்னேரம் அந்த நடைக்குப் பக்கத்தில் நடந்தவர்! "அட, உவன் பழைய சிமியோனெல்லே!" என்றார். முகம் கனிந்துபோனது. "அதே பாட்டு! அதே கும்பிடு!"

"அண்டைக்குப் படியிலை இப்பிடியோ வந்தவர்?"

மூப்பர் எழுந்து நின்று தன் கால்களை அகல வைத்து, பக்கத்துக்குப் பக்கம் மெல்லச் சாய்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார். "இல்லைப் பிள்ளை. இப்பிடி வந்தவன். இது வேறை நடை." சிறிது யோசித்துவிட்டு, "வெறியிலை ஒரு நாளும் இவன் எனக்கு 'ஒண்டுமில்லை' எண்டு சொன்னதில்லை. எல்லாம் இருக்கெண்டுதான் சொல்லுவான்," என்றார்.

முற்றத்தின் நடுவில் ஒரு காலைத் தூக்கியபடி நின்ற சிமியோனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னும் கொஞ்சம் ஆடட்டோ?" என்று கேட்டார்.

"போதும், இருங்கோ," என்றாள் பெர்னடெட். "பொய்யா நடந்துதான் உண்மையைக் காட்டியிருக்கிறியள்."

"மூப்பருக்கு முன்னாலை பொய் நடை நடந்ததுக்கு என்ன தண்டனை?" என்று எடுத்துக் கொடுத்தான் கனிசியஸ்.

"அது கூத்து. கூத்துக்குத் தண்டனை இல்லை," என்றார் மூப்பர். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, தீர்ப்புச் சொன்னார். "தோள் உன்ரைதான் சிமியோன். ஆனால் ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லு. உனக்கு வடிவாச் சுகமோ?"

ஓம் என்ற சொல் சிமியோனின் வாய்வரை வந்ததைப் பெர்னடெட் பார்த்தாள். அவர் தன் வலக் கையைத் தூக்கி, விரலால் மூக்கைத் தொடப் போனார். விரல் நேராகப் போய், கடைசி நேரத்தில் சின்னதாக ஒரு நடுக்கம் நடுங்கி, மூக்கின் ஓரத்தில் தொட்டது.

"இன்னும் இல்லை மூப்பர்," என்றார். "அந்தோனியாரை விழுத்திப்போடுவன்."

ஏழு வருடத்தில் அவர் சொன்ன எந்தச் சத்தியத்தையும்விட அந்த ஒரு வசனத்தைத்தான் பெர்னடெட் நம்பினாள்.

அந்த வருடத் திருநாளில் முன்வலத் தோளுக்கு வேறு எவனையும் மூப்பர் நியமிக்கவில்லை. தானே வந்து, தடியில் கை வைத்துச் சத்தியம் செய்து, அதன் கீழ் தோளைக் கொடுத்தார். சிமியோன் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக அவருக்குப் பக்கத்தில், தடியில் வலக் கையை வைத்தபடி நடந்தார். பாரம் ஒன்றும் அவர் மேல் இல்லை. ஒழுங்கைத் திருப்பங்களில் உடம்பு லேசாகச் சாய்ந்தபோதெல்லாம் அந்தத் தடிதான் அவரை நிமிர்த்தியது. சனத்துக்குள் நின்ற பெர்னடெட், சுரூபத்தைப் பார்க்க மறந்து, சுற்றி முடியும்வரை அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கூடு கோவிலுக்குள் இறங்கியதும் அவர் வேர்த்து விறுவிறுக்க அவளிடம் வந்தார்.

"நீங்கள் அவரைக் காவினியளோ, அவர் உங்களைக் காவினாரோ?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும் மாறி மாறி," என்றார் சிமியோன். "வா, வீட்டை போவம். எனக்குப் பசிக்குது."

அவள் கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, கால்களைக் கொஞ்சம் அகல வைத்து, ஒழுங்கையால் நடந்தார்.